கறுவாமலை ஏழாம் காம்பிராவுக்கு மட்டும் வராத தண்ணீரும், சபையின் இணையத்தளமும்

அனுப்புநர்:
இருளாண்டி அழகம்மா (வயது 69),
7ஆம் காம்பிரா, மூன்றாம் லயம்,
கறுவாமலைத் தோட்டம், மேல் டிவிஷன்,
எல்லேகந்த, மாத்தளை மாவட்டம்.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
எல்லேகந்த பிரதேச சபை,
மாத்தளை மாவட்டம்.

விடயம்: சபையின் இணையத்தளத்தில் அரைகுறையாக நிற்கும் எனது குடிநீர் விண்ணப்பத்தை நீக்கி, பைப் போடும் ஆட்கள் ஆகஸ்ட் 28ஆம் திகதி திரும்பிப் போவதற்குள் எனது காம்பிராவுக்கும் இணைப்புத் தரக் கோருதல், அத்துடன் அந்த இணையத்தளத்தைத் திருத்த வைத்தவரின் பெயரை அதிலே பதியக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். முப்பத்தொன்பது வருடம் இதே தோட்டத்தில் மிளகும் கராம்பும் பறித்து ஓய்வு பெற்றவள். இந்த மனுவை யாரும் எனக்கு எழுதித் தரவில்லை. இதில் பிழை இருந்தால் என்னுடையது, சரி இருந்தாலும் என்னுடையதுதான். புகார் மனு என்றாலும் அழுது எழுதுகிற மனு அல்ல என்பதை ஐயா முதலிலேயே அறிய வேண்டும். எங்கள் மேல் டிவிஷனில், லயத்து வரிசையில் ஒற்றையறைக் காம்பிராவுக்கு ஒன்றாக இருக்கும் அறுபத்திரண்டு குடும்பங்களில் அறுபத்தொரு குடும்பத்துக்கு வாசலிலேயே குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது. வராத ஒரு வீடு என்னுடையது. வந்த அறுபத்தொன்றுக்கும் காரணம் என் பேத்தி.

2. என் பேத்தி சுதர்சினிக்கு வயது இருபத்திநான்கு. பிறவியிலேயே பார்வை இல்லை. உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடத்திலும் தேறியவர். அவருடைய கைத்தொலைபேசி திரையில் உள்ளதை ஒரு பெண் குரலில் வாசித்துச் சொல்லும். அந்தக் குரல் பேசும் வேகத்துக்கு எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. அவருக்கு எல்லாம் விளங்கும். எங்கள் லயத்தில் யாருக்கு என்ன கடிதம் வந்தாலும், கண் உள்ளவர்கள் அதை அவரிடம் வாசித்துக் காட்டி விளக்கம் கேட்கத்தான் வருவார்கள்.

3. இவ்வருடம் ஜனவரி 20ஆம் திகதி கூட்டுறவுக் கடைச் சுவரில் சபையின் அறிவித்தல் ஒட்டப்பட்டது. தோட்டங்களுக்குக் குடிநீர்க் குழாய் இணைப்பு, விண்ணப்பம் இணையத்தளத்தில் மட்டும், கடைசித் திகதி மார்ச் 31. கடுதாசி விண்ணப்பம் எடுக்கப்படமாட்டாது என்று அடியில் தடித்த எழுத்து. நாங்கள் தண்ணீருக்கு, கீழே ஊற்று ஒழுகும் பீலிக்குப் போகிறவர்கள். எண்பத்துநான்கு படி இறக்கம், குடம் நிறைந்த பிறகு எண்பத்துநான்கு படி ஏற்றம். மாசி பங்குனியில் பீலி நூலாக ஒழுகும். ஆகவே அந்த அறிவித்தலை நாங்கள் எவ்வளவு ஆசையோடு வாசித்தோம் என்று நான் விரிக்கத் தேவையில்லை.

4. இணையத்தளத்தின் பெயர் அறிவித்தலில் இங்கிலீஸில் நீளமாக இருந்தது. மழை பட்டு அதில் பாதி அழிந்துவிட்டது. பேத்தி போனிடம், "எல்லேகந்த பிரதேச சபை குடிநீர்" என்று தமிழில் கேட்டார். முதலில் வந்தது சீகிரியாவில் ஒரு ஹோட்டல், நீச்சல் குளத்துடன். இரண்டாவது இன்னொரு ஹோட்டல், அதிலும் நீச்சல் குளம். குடிக்கத் தண்ணீர் தேடினவர்களுக்குக் குளிக்கிற தண்ணீரைத்தான் காட்டியது. சபை வரவே இல்லை. இரண்டு நாள் தேடிய பிறகு, தோட்டத்து வாத்தியார் ஒருவர் அனுப்பிய வழியாகத்தான் உள்ளே போனோம்.

5. உள்ளே போனதும் அந்தக் குரல் சொன்னது இவ்வளவுதான்: "படம். பட்டன். பட்டன். பட்டன்." எந்தப் பட்டன் எதற்கு என்று இல்லை. தமிழ்ப் பக்கம் முழுவதும் கடுதாசியில் அச்சடித்து, அதைப் படம் பிடித்து ஒட்டப்பட்டிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன். எழுத்து சாம்பல் நிறம், அதன் பின்னால் பச்சை. வெளியில் வெயிலுக்குக் கொண்டுபோனால் ஒன்றும் தெரியாது, உள்ளே கொண்டுவந்தால் சிக்னல் இல்லை. பாதி வாசலில் நின்று, தலையை உள்ளேயும் கையை வெளியேயும் வைத்து நிரப்பினோம்.

6. எல்லாம் நிரப்பி முடித்த பிறகு கடைசியில் ஒன்பது சிறு படங்கள் வந்தன. நாங்கள் மனிதர்தானா என்று பார்க்க, அதில் சிக்னல் லைட் உள்ள படங்களை மட்டும் தொட வேண்டுமாம். பேத்திக்குப் பார்க்க முடியாது. எனக்குப் பார்க்க முடியும், ஆனால் அவை ஏதோ வெளிநாட்டுத் தெருக்கள். கம்பத்தில் தொங்கியதையெல்லாம் தொட்டேன். அதில் ஒன்று குருவிக்கூடு என்று பின்னால் தெரிந்தது. நான் தொட்டுக்கொண்டிருக்கும்போதே "உங்கள் நேரம் முடிவடைந்துவிட்டது" என்று திரை வெள்ளையாகிவிட்டது. நாங்களும் அது போகவில்லை என்று நினைத்து விட்டுவிட்டோம். இந்த இடத்தை ஐயா மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வம்பு முழுக்க இங்கேதான் பிறந்தது.

7. மறுநாள் முதல் யார் விண்ணப்பித்தாலும் "இந்த விலாசம் ஏற்கெனவே பதிவாகியுள்ளது" என்று வந்தது. எங்களுக்குச் சபை தந்த வீட்டு இலக்கமும் கிடையாது, வீதிப் பெயரும் கிடையாது. அறுபத்திரண்டு குடும்பத்துக்கும் ஒரே விலாசம்தான்: கறுவாமலைத் தோட்டம், மேல் டிவிஷன். கடிதங்கள் எல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களை எண்ணி வேலைக்கு அனுப்பும்போது, கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார். என் மாமியார் காலத்திலிருந்து இப்படித்தான், இதுவரை ஒரு கடிதமும் வழி தவறியதில்லை. ஆனால் உங்கள் இணையத்தளத்துக்கு ஒரு விலாசம் என்றால் ஒரு வீடு. ஒருவர் உள்ளே போனதும் மற்ற அறுபத்தொரு பேருக்கும் கதவை மூடிவிட்டது.

8. யார் அந்த ஒருவர் என்று லயமே தேடியது. இரண்டாம் லயத்து மாரிமுத்து மட்டும், "என் மகன் கொழும்புலேருந்தே போட்டுட்டான், நமக்குக் கவலையில்ல" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். பிறகென்ன, பீலியில் எல்லாருக்கும் முன்னால் வைத்து நான்தான் கேட்டேன். எழுதக் கூச்சமாக இருந்தாலும் மனுவில் உண்மையை மறைக்கக் கூடாது. நான் கேட்டது: "ஊரு தண்ணியெல்லாம் ஒத்த ஆளா முழுங்கிட்டியே மாரிமுத்து, வயிறு வெடிக்கலையா?" அவர் சொன்னது: "கண்ணு தெரியாத புள்ளைய நம்பி நீ போன் வாங்கிக் குடுத்தா, அதுக்கு நானா அக்கா பொறுப்பு?" அதற்குமேல் பேசியவை மனுவுக்கு உகந்தவை அல்ல. அன்று நான் நிறைந்த குடத்தைப் பீலியிலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு படி ஏறினேன். பேத்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "திட்டுனது போதும் அம்மாயி, நாளைக்கு சபைக்குப் போவோம்" என்றார்.

9. பெப்ரவரி 18ஆம் திகதி செவ்வாய்க்கிழமை சபைக்கு வந்தோம். வரிசையில் நின்று கவுண்டருக்குப் போனால், "இணையத்தளத்தில் போடுங்கள்" என்றார்கள். அதற்குப் பேத்தி சத்தம் போடவில்லை. தொழில்நுட்ப உதவியாளர் றம்ஸி அவர்களைக் கூப்பிடச் சொல்லி, "சேர், ஒங்க போன்ல நம்ம சபைய தமிழ்ல தேடிக் காட்டுங்க" என்று மட்டும் கேட்டார். றம்ஸி சிரித்துக்கொண்டே தேடினார். சீகிரியா ஹோட்டல் வந்தது. மறுபடி தேடினார். நீச்சல் குளம் வந்தது. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். "நம்மட சபை எங்க போச்சி?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்.

10. அப்போது பேத்தி சொன்னதை ஒரு எழுத்தும் குறைக்காமல் எழுதுகிறேன்: "தமிழ்ப் பக்கத்துல எழுத்தே இல்ல சேர், எழுத்தோட படம்தான் இருக்கு. என் போனுக்கு அத வாசிக்கத் தெரியாது. தேடுற மிஷினுக்கும் வாசிக்கத் தெரியாது. அதுவும் என்னைய மாதிரி கண்ணு தெரியாத ஆள்தான். எனக்கு வாசிக்கிற மாதிரி எழுதினீங்கன்னா, அதுக்கும் சபை எங்க இருக்குன்னு தெரிஞ்சிடும்." பிறகு றம்ஸி மெதுவாக, தமிழ் எழுத்து அடித்தால் கம்பியூட்டரில் உடைந்து உடைந்து வந்ததாகவும், அவசரத்துக்குப் படமாகப் போட்டதாகவும் ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புதலுக்காக அவர் மீது எந்த நடவடிக்கையும் எடுக்க வேண்டாம் என்று இம்மனுவிலேயே கேட்டுக்கொள்கிறேன். தவறை மறைக்கிறவர் இருந்திருந்தால் இன்றைக்கும் நாங்கள் பீலியில்தான் நிற்போம்.

11. வரிசையில் வீட்டுக்கான சோலைவரி கட்ட நின்ற ஸைனம்பு என்கிற அம்மையாருக்குக் கை நடுக்கம். வியாபாரக் குடும்பம், பேச்சுக்குக் குறைவில்லை. அவரும் றம்ஸியின் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "மகன், ஒங்கட பட்டன் நுளம்பு மாதிரி ஈக்கிது, அமுக்கப் போனா அடுத்ததுல குந்திக்கிது" என்றார். அன்றைக்கே அங்கேயே ஒரு பரீட்சை நடந்தது. பேத்தி காதால், ஸைனம்பு நடுங்குகிற விரலால், நான் என் ஐந்தாம் வகுப்பால், மூன்று பேரும் உங்கள் இணையத்தளத்தை உருட்டிப் பார்த்தோம். தடுக்கிய இடங்களை றம்ஸி எழுதிக்கொண்டே வந்தார். நான்கு பக்கம் வந்தது.

12. கடைசியாக எங்கள் விலாசத்தைப் பிடித்து வைத்திருப்பது யார் என்று றம்ஸி உள்ளே திறந்து பார்த்தார். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "அம்மா, இதுல இருக்கிறது ஒங்கட பேர்தானே? அழகம்மா இருளாண்டி, விண்ணப்பம் பூரணமில்லை." நான் குருவிக்கூட்டைத் தொட்ட அந்த விண்ணப்பம்தான் ஐயா. போகவில்லை என்று நாங்கள் நினைத்தது, போகாமலும் வராமலும் வாசலில் குறுக்கே படுத்து, அறுபத்தொரு குடும்பத்தையும் மறித்திருக்கிறது. நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பேத்திதான் விழுந்து விழுந்து சிரித்தார். "அம்மாயி, தண்ணிய முழுங்கின திருடி நீதான்!"

13. மாரிமுத்துவின் காம்பிராவுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "மன்னிப்பு இங்க வேணாம் அக்கா. திட்டுனது பீலியில, அங்கயே வந்து சொல்லு" என்றார். நியாயம்தான். மறுநாள் பீலியில் எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். அவர் மகன் கொழும்பிலிருந்து போட்டதும் போகவில்லை, விலாசம் ஏற்கெனவே பதிவாகியுள்ளது என்ற கடைசி வரியை அவன் வாசிக்கவே இல்லை என்று அப்போதுதான் அவரும் சொன்னார். அதன்பிறகு அவரே என் பேத்தியை "மெடம்" என்றுதான் கூப்பிடுகிறார்.

14. மாசி மகத்து மாத்தளைத் தேர் முடிந்த கையோடு புதுப் பக்கம் திறந்தது. தமிழ் தமிழாகவே எழுத்தில் இருந்தது. பேத்தியின் போன் அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தது. பட்டன் ஒவ்வொன்றும் தன் பெயரைச் சொன்னது. ஸைனம்பு அம்மையார் அமுக்கக் கூடிய அளவுக்கு அது பெருத்தும் இருந்தது. வெயிலில் வைத்தாலும் கறுப்பு எழுத்து கறுப்பாகவே தெரிந்தது. நேரம் ஓடிப்போகவில்லை. சிக்னல் லைட் போய்விட்டது. விலாசத்துக்குக் கீழே எத்தனையாவது லயம், எத்தனையாவது காம்பிரா என்று இரண்டு கட்டம் புதிதாக வந்தது. அந்த இரண்டு கட்டத்தையும் பார்த்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லாமல் விட முடியவில்லை. நூற்றுச் சொச்சம் வருடமாக இந்தத் தோட்டத்தில் இருக்கிறோம். எங்கள் காம்பிராவின் இலக்கத்தை ஒரு சர்க்கார் படிவம் கேட்டது அதுதான் முதல் தடவை.

15. தமிழில் தேடினால் முதலாவதாக இப்போது சபைதான் வருகிறது. ஹோட்டல்கள் கீழே போய்விட்டன.

16. வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விடும் பிள்ளைக்காம்பிரா வாசலில் பேத்தி ஒரு கதிரை போட்டு உட்கார்ந்தார். யாருக்கும் நிரப்பிக் கொடுக்கவில்லை. அதுதான் அவர் போட்ட சட்டம். அவரவர் போனில் அவரவர் விரல், அவர் காதை மட்டும் கொடுத்தார். மாரிமுத்து ஒன்பது நிமிடத்தில் முடித்துவிட்டு, எலெக்சனில் வென்றவர் போல இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு லயத்தைச் சுற்றி வந்தார். மார்ச் 25ஆம் திகதிக்குள், கடைசி நாளுக்கு ஆறு நாள் இருக்கவே, அறுபத்தொரு விண்ணப்பமும் ஏற்றுக்கொள்ளப்பட்டன. ஜூலை 6ஆம் திகதி தண்ணீர் திறந்தார்கள். அன்றைக்கு லயத்தில் ஒருவரும் பீலிக்குப் போகவில்லை. பிள்ளைகள் குழாய்க்குப் பொட்டு வைத்தார்கள்.

17. இனி என் புகாருக்கு வருகிறேன். பக்கத்தைத் திருத்தும்போது றம்ஸி என்னிடம் ஒன்று கேட்டார். திகதி விழுந்த பதிவை அழிக்க அவருக்கு அதிகாரம் இல்லை, செயலாளர் அவர்களின் எழுத்துமூல உத்தரவு வேண்டும், அதற்கு நாள் எடுக்கும். விலாசத்தை உடனே மற்றவர்களுக்கு விடுவிக்க வேண்டுமென்றால், அந்த அரைகுறைப் பதிவை ஏழாம் காம்பிராவின் மேல் மட்டும் ஏற்றி வைக்கலாம். "ஏத்தினா மத்த அறுபத்தொண்ணும் போகும், ஒங்கட மட்டும் நிக்கும். என்ன செய்ய அம்மா?" நான் பேத்தியைப் பார்த்தேன். அவர் யோசிக்கவே இல்லை. "ஏத்துங்க சேர்" என்றார். நானும் தலையாட்டினேன். எங்களால் அடைபட்ட வழியை நாங்கள்தானே திறக்க வேண்டும்? அதற்காக நான் இன்றைக்கும் வருந்தவில்லை.

18. ஆனால் அதற்குப் பிறகு சபை எனக்குச் சொன்ன பதில்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. திரையில் பார்த்தால், ஏழாம் காம்பிரா ஏற்கெனவே விண்ணப்பித்துவிட்டது என்கிறது. பேத்தியின் அடையாள அட்டையில் போட்டுப் பார்த்தோம், அதற்கும் அதே பதில். ஏப்ரலில் நேரில் வந்து கேட்டேன், பொறுக்கச் சொன்னார்கள். ஜூலை 15இல் தோட்டத்து ஆபீசுக்குக் கடிதம் வந்தது. எனது விண்ணப்பம் பூரணமற்றது, ஆகவே நிராகரிக்கப்படுகிறது என்று. விண்ணப்பம் இருக்கிறது என்றால் குழாய் தர வேண்டும். விண்ணப்பம் இல்லை என்றால் புதிதாகப் போட வழி விட வேண்டும். இருக்கிறது என்று மறிப்பதும், இல்லை என்று தள்ளுவதும் ஒரே ஆபீசிலிருந்து வந்தால் நான் எந்தக் கதவைத் தட்டுவது?

19. பைப் போடும் ஆட்கள் இப்போது கீழ் டிவிஷனில் வேலை செய்கிறார்கள். இம்மாதம் 28ஆம் திகதியோடு போய்விடுவார்கள். அதன்பிறகு அடுத்த வருடம்தான் என்று அவர்களே சொன்னார்கள். பெரிய குழாய் என் வாசலைத் தாண்டித்தான் எட்டாம் காம்பிராவுக்குப் போகிறது. என் வாசலில் மட்டும் மூடி போட்டு நிற்கிறது. தினமும் விடிய எழுந்து பார்த்தால் படியில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கும். மாரிமுத்து வைத்துவிட்டுப் போவது. ஒரு நாளும் தவறவில்லை. நல்ல மனசுதான், ஆனாலும் என் பேத்தி கொண்டுவந்த தண்ணீரை என் பேத்தியே வாளியில் வாங்கிக் குளிப்பதை ஐயா சரி என்று சொல்ல மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

20. ஆகவே நான் கேட்பது:

(அ) அரைகுறையாக நிற்கும் எனது ஜனவரி மாத விண்ணப்பத்தை ஐயாவின் உத்தரவால் நீக்கி, ஏழாம் காம்பிராவுக்கு 28ஆம் திகதிக்கு முன் இணைப்புத் தர வேண்டும். தயவாக அல்ல, எனக்குரியதாக.

(ஆ) ஒருவர் பாதியில் நின்றால், மிச்சத்தைப் பிறகு வந்து முடிக்க இணையத்தளம் இடம் தர வேண்டும். நின்றவரைச் சாத்தி, பின்னால் வருகிறவரையும் சாத்தக் கூடாது.

(இ) இனிமேல் சபை எந்தப் புதுப் பக்கம் திறந்தாலும், திறப்பு விழாவுக்கு முன்னால் சுதர்சினியையும், கை நடுங்குகிறவர் ஒருவரையும், சின்னப் போன் வைத்திருக்கிற தோட்டத்து ஆள் ஒருவரையும் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். தேநீர் கொடுத்து அனுப்புவது போதாது, முறையான நியமனக் கடிதம் வேண்டும். அது அவர் செய்கிற வேலை.

(ஈ) பக்கத்தின் அடியில் "அனைவருக்குமான இணையத்தளம்" என்று சபை போட்டிருக்கிறது. அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுத் திருத்த வைத்தவர் செல்வி ச. சுதர்சினி என்று அதன் கீழே ஒரு வரி சேர்க்க வேண்டும். படமாக அல்ல, எழுத்தாக. அவருடைய போன் அதை அவருக்கு வாசித்துச் சொல்ல வேண்டும்.

21. இம்மனுவைக் கையால் எழுதித் தங்களிடம் நேரில் தருகிறேன். இதன் சுருக்கத்தை நேற்றுப் பகல் சபையின் இணையத்தளத்தில், புதிதாக வந்திருக்கும் முறைப்பாட்டுப் பக்கத்தின் வழியாகவும் அனுப்பினேன். பேத்தி வீட்டில் இல்லாத நேரம் பார்த்து அனுப்பினேன். எழுத்து எழுத்தாகத் தேடி அடிக்க இரண்டே கால் மணித்தியாலம் போனது. நடுவில் அடுப்பைப் பார்க்கப் போய் வந்தேன், திரை எனக்காகக் காத்திருந்தது. அனுப்பு என்ற பட்டனை எந்தக் குழப்பமும் இல்லாமல் அமுக்கினேன். ஏற்றுக்கொண்டோம் என்று தமிழில் பதில் வந்தது. முறைப்பாட்டு இலக்கம்: 1.

உங்கள் இணையத்தளம் வேலை செய்கிறது ஐயா. இனி நீங்கள் செய்ய வேண்டியதுதான் மிச்சம்.

28ஆம் திகதிக்கு முன் தங்கள் உத்தரவை என் வாசல் குழாயில் எதிர்பார்த்து,

(கையொப்பம்) இ. அழகம்மா

சாட்சி: (கையொப்பம்) பெ. மாரிமுத்து, 4ஆம் காம்பிரா, இரண்டாம் லயம். எழுதியது யாவும் உண்மை, பீலியில் திட்டியது உட்பட.

இடம்: கறுவாமலைத் தோட்டம், எல்லேகந்த
திகதி: 2025 ஆகஸ்ட் 11